காயாத பச்சை

தூத்துக்குடியில் காயாத பொருள் கிடையாது. பாத்தியில் கட்டிய கடல்தண்ணீர் காய்ந்து உப்பாகும், மணலில் விரித்த சாளை காய்ந்து கருவாடாகும், காலையில் கொடியில் போட்ட வேட்டி நாம் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் விறைத்துக்கொண்டு நிற்கும், கட்டிக்கொடுத்த மகளை ரயிலேற்றிவிட்டு அழுகிற தாய்மாரின் கண்கூட ரயில் கேட்டைத் தாண்டுவதற்குள் காய்ந்துபோய், அடுத்த வேலையைப் பார்க்க அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், சங்குக்கூடத் தெருவில், கொம்பையா வீட்டு முன்னறையில் நின்ற லேடீஸ் சைக்கிளின் சட்டத்தில் விரல் நீளத்துக்கு வைத்த பச்சைப் பெயிண்ட் மட்டும் காயவில்லை. அன்றைக்குக் காயவில்லை, மறுநாளும் காயவில்லை, சித்திரை வெயிலிலும் காயவில்லை, ஆடிக்காற்றிலும் காயவில்லை. ஏன் காயவில்லை என்று அந்தத் தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. காயாத ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்பதே அவர்களுக்குப் போதுமான கவலையாக இருந்தது.

கொம்பையாவுக்கு உப்பு பாக்கெட் கம்பெனியில் குறை பார்க்கிற வேலை. பெல்ட்டில் ஓடிவருகிற பாக்கெட்டுகளில் ஒட்டு கோணலாக விழுந்ததையும், எழுத்து மங்கினதையும், மூலை நசுங்கினதையும் எட்டி எடுத்து ஒதுக்கிப் போட வேண்டும். நல்ல பாக்கெட் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் நல்லதெல்லாம் அவன் கண்ணில் படாமலே ஓடிப்போய் லாரி ஏறிவிடும். கெட்டதைப் பிடிப்பதில் மட்டும் கெட்டிக்காரன். ஷிப்டு முடிந்து கை ஓய்ந்தாலும் கண் ஓயாது. வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்பு, புடவையில் கொசுவம், வாசல் கோலத்தில் ஒரு புள்ளி என்று எதையாவது எடுத்து ஒதுக்கிப் போட்டுக்கொண்டே இருப்பான். பட்டுக்கனி அவனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் இதை அக்கறை என்று நினைத்தாள். பிறகு பழக்கம் என்று நினைத்தாள். அதற்கும் பிறகு என்ன நினைத்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவள் இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போகிறவள். வலது ஆள்காட்டி விரலில் கத்தி பட்டு, ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாய்ந்த தழும்பு. அவள் போய்வருவதற்காக வாங்கியதுதான் அந்தக் கரும்பச்சை சைக்கிள். வீட்டு வாசல் ஒடுக்கம், கதவு நிலையில், கதவை மாட்டிச் சாத்துகிற ஒரு பழைய இரும்புக் கொண்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கும், காலையில் அவசர அவசரமாக சைக்கிளை வெளியே எடுக்கும்போதெல்லாம் அது சட்டத்தில் ஒரு கோடு கிழிக்கும். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் ஒரு கோட்டை ஒரு வாரம் விட்டுவைத்தால் துரு பூத்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் கொம்பையா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு சைக்கிள் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவான். உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்துக் கோட்டின் ஓரத்தைத் தேய்ப்பான், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பான், அடிக்குச் செவ்வண்ணம் வைப்பான், அது காய்ந்ததும் பச்சையில் ஒரு சொட்டுக் கறுப்பைக் கலந்து, வெயிலில் வெளுத்த பழைய பச்சைக்கும் புதுப் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதபடி வைப்பான். அதற்கு அவன் வைத்திருந்தது ஒரு நெயில்பாலிஷ் குப்பி. மாதா கோயில் திருவிழாக் கடையில் பட்டுக்கனி ஆசைப்பட்டு வாங்கிய ரோஸ் நிறக் குப்பி. அவள் அதை ஒரேயொரு முறை, அதுவும் இடது கைக்கு மட்டும் போட்டிருந்தாள். மூடியோடு வருகிற அந்தப் பொடிப் பிரஷ் கீறலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறதே என்று கொம்பையா ரோஸை சாக்கடையில் ஊற்றிக் கழுவிவிட்டுப் பச்சையை நிரப்பிக்கொண்டான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் சாய்ச்சு எடுத்தா கொறஞ்சா போயிருவ?" என்று ஞாயிறுதோறும் கேட்பான். அவளும் சாய்க்கப் பழகினாள். இடுப்பை ஒடித்து, சைக்கிளைத் தன் பக்கம் சரித்து, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியேறுவாள். பழக்கம் முற்றி, தண்ணீர்க் குடத்தோடு போகும்போதும், வெறுங்கையோடு போகும்போதும்கூட அந்த வாசலில் மட்டும் அவள் உடம்பு ஒரு பக்கம் ஒடிந்து நிமிரும். கொண்டியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது கதவோடு வந்தது, கதவு வீட்டோடு வந்தது, சைக்கிளும் பெண்டாட்டியும் அதற்கு அப்புறம் வந்தவர்கள், அப்புறம் வந்தவர்கள்தானே வளைந்து போக வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் கண்ணில் புதுக் கோடு ஒன்று பட்டுவிட்டது. ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியாமல், அவள் கம்பெனிக்குக் கிளம்பி நிற்கிற நேரத்தில் குப்பியைத் திறந்து பச்சையை வைத்துவிட்டான்.

"இப்பவா? எனக்கு நேரமாச்சே," என்றாள்.

"காயட்டும். தொட்டுறாத."

சொன்னால் கேட்கிற விஷயமா அது? காய்ந்துவிட்டதா என்று அவள் விரல் நுனியால் ஒற்றிப் பார்த்தாள். பச்சை விரலில் ஒட்டிக்கொண்டது, பெயிண்டில் ரேகை பதிந்துவிட்டது. கொம்பையா கத்திய கத்தலில் எதிர்ச்சாரியில் இட்லிக்கடை போட்டிருக்கும் மெட்டில்டா ஆப்பையும் கையுமாக வெளியே வந்து பார்த்தாள். அவன் ரேகையைத் துடைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி வைக்க ஆரம்பித்தான். பட்டுக்கனி தன் பச்சை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள்.

"சரி, காயட்டும்," என்றாள். "காஞ்ச பொறவு வந்து எடுத்துக்கிடுதேன். நான் போறேன்."

சைக்கிள் இல்லாத வெறுங்கையோடு, வாசலில் இடுப்பை ஒடித்து நிமிர்ந்து, படியிறங்கிப் போனாள். கொம்பையா நிமிர்ந்து பார்க்கவில்லை, பெயிண்டின் ஓரத்தைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். பார்த்தவள் மெட்டில்டாதான். கடைக்குப் போனால்கூட 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறவள் இன்றைக்குப் 'போறேன்' என்கிறாளே என்று அவளுக்குத் திக்கென்றது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்ததால் உள்ளே போய்விட்டாள்.

பட்டுக்கனி கம்பெனிக்குப் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கும் வரவில்லை. மறுநாள் கொம்பையா நாசரேத்தில் இருக்கும் மைத்துனன் வீட்டுக்கு ஓடினான். "வந்தா. தண்ணி கேட்டா. குடிச்சா. போயிட்டா," என்றான் மைத்துனன், அதற்கு மேல் பேச விரும்பாதவனாக. அலமாரியில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளரில் பச்சையாக ஒரு விரல்ரேகை இருந்தது, நடுவே சாய்ந்த ஒரு கோட்டோடு. கொம்பையா தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. டம்ளரைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, நேராக சைக்கிளிடம் போனான். அதுவும் ஈரமாகவே இருந்தது.

முதலில் வந்து தொட்டவள் மெட்டில்டா. அப்புறம் அவள் கடைக்கு இட்லி வாங்க வந்தவர்கள், அப்புறம் அவர்களைத் தேடி வந்தவர்கள். காயாத பெயிண்டைத் தொட்டுப் பார்க்காமல் தாண்டிப்போகிற மனிதப்பிறவி இன்னும் பிறக்கவில்லை. தொட்டவர்கள் விரலில் பச்சை வந்தது, சட்டத்தில் இருந்த பச்சை மட்டும் குறையவில்லை. தொட்டவர்கள் அதைச் சுவரில் துடைத்தார்கள், லுங்கியில் துடைத்தார்கள், எதிரே வந்த பிள்ளையின் கன்னத்தில் துடைத்தார்கள், அங்கெல்லாம் அது ஒழுங்குமரியாதையாகக் காய்ந்துபோனது. கொஞ்ச நாளில் தெருவில் பச்சைத் தீற்றல் இல்லாத சட்டையே கிடையாது என்று ஆயிற்று. துணி வெளுக்கிறவர் சொல்லிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், கடைசியில் எல்லாத் துணியிலும் பச்சை இருப்பதால் எந்தத் துணி எந்தத் தெரு என்று குழம்ப வேண்டியதில்லை என்று சமாதானமாகிவிட்டார்.

பெயிண்ட் கடைக்காரர் நேரில் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போய், 'சங்குக்கூடத் தெருவில் காயாமல் இருக்கும் பெயிண்ட் எங்கள் கடையில் வாங்கியது அல்ல' என்று போர்டு எழுதி மாட்டினார். அதைப் பார்த்தவர்கள் எல்லாம் உள்ளே வந்து அந்தக் காயாத பெயிண்டையே கேட்டார்கள். மறுவாரம் 'எங்கள் கடையில் வாங்கியதே' என்று புதுப் போர்டு தொங்கியது. ஆட்டோக்காரர்கள் முதல் சவாரிக்கு முன்னால் ஒரு தொடு தொட்டு ஹேண்டில்பாரில் தீற்றிக்கொண்டார்கள். தோணிக்காரர்கள் கிளம்புகிற அன்றைக்கு வந்து தொட்டு, தோணியின் முன்முனையான அணியத்தில் ஒரு பொட்டு வைத்தார்கள். இது மாதா செய்கிற வேலை என்று ஒரு கட்சியும் சுடலைச் சாமி செய்கிற வேலை என்று இன்னொரு கட்சியும் கிளம்பின. ஃபாதர் பொறுத்துப் பார்க்கலாம் என்றார், பூசாரி சாமி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றார், ஆளுக்கொரு நாள் வந்து இரண்டு பேருமே தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெருவில் ஒருவரையொருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" போய் "காஞ்சிட்டா?" வந்தது. மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததா, கேஸ் முடிந்ததா, பட்டா கிடைத்ததா, எதைக் கேட்டாலும் "எங்க, இன்னும் ஈரம்தான்" என்று பதில் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

கொம்பையா சிரிக்கவில்லை. அவள் சொன்ன வார்த்தையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். காய்ந்த பிறகு வருகிறேன் என்றாள், ஆகவே காய வேண்டும். சைக்கிளை வாசலில் வெயிலுக்குக் காட்டினான், ஃபேனுக்குக் கீழே நிறுத்தினான், கரியடுப்பின் அனலுக்குப் பக்கத்தில் வைத்து ஊதினான். பச்சை பளபளவென்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூசிகூட அதில் ஒட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உப்பு லாரி ஓட்டுகிற செய்யது பாலக்காட்டிலிருந்து திரும்பினான். தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சை மட்டும் வெட்டி எடுத்து, தாளில் பொதிந்து கொண்டுவந்து கொம்பையா கையில் கொடுத்தான். முடிச்சில் பச்சையாக ஒரு ரேகை, நடுவே சாய்ந்த கோடு. "டீ குடிக்க நிப்பாட்டியிருந்தேன் மாமா. திரும்பி வந்து பார்த்தா இருந்துச்சு. நம்ம ஊர் நம்பர்னு பார்த்து தொட்டிருப்பாவளோ என்னவோ," என்றான். கொம்பையா முடிச்சை உள்ளங்கையில் வைத்து விரலால் தொட்டுப் பார்த்தான். ஈரம் மாறாத ரேகை. அவள் விரலிலும் அது காயவில்லை.

அதற்குப் பிறகு தெருவே ரேகை பொறுக்கியது. சங்குக்கூடத் தெருவிலிருந்து வெளியூர் போகிற ஒவ்வொருவரும் கண்ணைத் தீட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை வந்தது, பிடியில் ரேகையோடு. சந்தையில் எடுத்துப் பார்த்துவிட்டு விலை படியாமல் வைத்த கொய்யாக்காய் வந்தது. பொம்மைக்கடையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்காமல் போன மர யானை வந்தது. எடுத்துவர முடியாதவற்றைச் சொல்லில் கொண்டுவந்தார்கள்: திண்டுக்கல் ஸ்டேஷன் சிமெண்ட் பெஞ்சின் ஓரத்தில், பழனி அடிவாரத்தில் ஒரு யானைக்குட்டியின் காதில், மேட்டூரில் மதகின் கம்பியில். மத்தியான வேளைகளில் பெண்கள் கொம்பையாவின் முன்னறையில் கூடி ரேகைகளைப் படித்தார்கள். இது பசியில் தொட்டது, இது போகிற போக்கில் தொட்டது, இது மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது சும்மா தட்டிக்கொண்டிருந்தது. எதிலும் அழுத்தம் இல்லை, கோபமாகத் தொட்டது ஒன்றுகூட இல்லை என்று மெட்டில்டா சொன்னாள். அதைக் கேட்டு அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

ஷெல்பில் அடுக்கி வைத்த அந்தப் பொருள்களை அவன் தினமும் பார்த்தான். இத்தனை வருஷம் கூட இருந்தவள் இவ்வளவு பொருள்களைத் தொட ஆசைப்படுகிறவள் என்று அவனுக்குத் தெரிந்ததே இல்லை. யானை பிடிக்கும் என்று சொன்னதேயில்லையே. கேட்டால் அல்லவா சொல்வாள். இந்த வீட்டில் அவள் தொட்ட இடம் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினான். சுவரில் சாந்துப்பொட்டு ஒட்டிய அடையாளம் இல்லை, கண்ணாடியில் கைபட்ட மங்கல் இல்லை, கதவில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. எல்லாவற்றையும் அவனே அவ்வப்போது துடைத்து வைத்திருந்தான். அன்றைக்கு அவன் வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதான், எதிர்வீட்டில் மெட்டில்டா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

போகப்போக ரேகை ஒரே ஊரிலிருந்து வரத் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து ஜவுளிக்கடைக்கு வருகிற துண்டுக் கட்டுகளில், மடிப்பு விளிம்பில், தவறாமல் ஒரு பச்சை ஒற்று. எங்கேயோ துணி மடிக்கிற வேலையில் சேர்ந்திருக்கிறாள். ஜவுளிக்கடைக்காரர் அந்தத் துண்டுகளை விற்காமல் கொம்பையாவுக்கு எடுத்து வைத்தார். போய்க் கூட்டிக்கொண்டு வா என்று ஆளாளுக்குச் சொல்ல, அவனும் ஒரு நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். கோவில்பட்டி வரைக்கும் போனான். அங்கே பஸ் நின்றபோது, போய் என்ன சொல்வது என்று யோசித்தான். இன்னும் காயவில்லை, இருந்தாலும் வா என்றா? காய்ந்த பிறகு என்று அவள் சொன்ன ஒரே ஒரு வார்த்தையையும் எடுத்து ஒதுக்கிப் போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வருவதா? இறங்கி, கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, எதிர் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டான்.

இப்படியே ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டது, அதில்தான் ஆபத்தும் இருந்தது. வாரம் ஒரு கட்டு வரும், துண்டை விரித்து ரேகையைப் பார்ப்பான், இந்த வாரம் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான், பத்திரமாக மடித்து ஷெல்பில் வைப்பான். அப்புறம் புரட்டாசியில் ஒரு மத்தியானம் சைக்கிளைக் குனிந்து பார்த்தபோது, பச்சையின் ஓரத்தில் பாலாடை மாதிரி மெல்லிய ஏடு கட்டியிருந்தது. அந்த வாரத் துண்டில் ரேகை மங்கலாக இருந்ததும் ஞாபகம் வந்தது.

குதித்திருக்க வேண்டியவன், பயந்தான். இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒரே பச்சை, இங்கே காய்ந்தால் அங்கேயும் காயும், ரேகை நின்றுவிடும். அவள் வருவாள்தான். வந்து சைக்கிளை எடுத்துக்கொள்வாள். சைக்கிளைப் பற்றித்தானே அன்றைக்கு வாக்குக் கொடுத்தாள், தன்னைப் பற்றிப் 'போறேன்' என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லையே. அவள் எடுத்துக்கொண்டு போன பிறகு அவனுக்கு என்ன மிஞ்சும்? கொம்பையா நெயில்பாலிஷ் குப்பியைத் திறந்தான். ஏட்டின் மேல் ஒரு பூச்சுப் பூசினான். மறுநாள் தெரு கண்ணயர்ந்த நேரத்தில் இன்னொரு பூச்சு. அதற்கடுத்த நாளும். தெரு முழுக்க "காஞ்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டிருக்க, காயவிடாமல் பார்த்துக்கொண்டவன் வீட்டுக்காரனே.

மாவுச்சட்டியைத் திருப்பி வாங்க வந்த மெட்டில்டா, பிரஷ்ஷும் கையுமாக அவனைப் பிடித்துவிட்டாள். அவள் புருஷன் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வருகிறவர். காத்துக்கிடப்பதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்ன செய்யுத கொம்பையா?"

"ஒண்ணுமில்லக்கா. ஓரம் கொஞ்சம்..."

"ஓரமா? காயப்போற பெயிண்டுக்கு மேல பெயிண்டு வைக்கியா?" அவள் குனிந்து பார்த்தாள். "எத்தன நாளா நடக்குது இந்த வேல?"

அவன் குப்பியை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். "காஞ்சிட்டுன்னா ரேகை வராதுக்கா. இப்ப வாரமானா அது ஒண்ணு வருது. அத வச்சுதான் நான்..."

"ஏய்யா, உனக்கு அவ வேணுமா, அவ விரலு மட்டும் போதுமா?"

"அவ சைக்கிள எடுக்கத்தான் வருவா. எடுத்துட்டுப் போயிருவா."

"போனா போறா. அவ சைக்கிளு," என்றாள் மெட்டில்டா. குரல் ஏறியிருந்தது. "எங்க வீட்டு மனுசன் தோணி ஏறினா அங்கருந்து காயிதம் வரும். காயிதம் வருதேங்கிறதுக்காக அந்த மனுசன் கரையேறாம கடல்லயே கெடக்கட்டும்னு நான் மாதாட்ட நேர்ந்துக்கிடுதேனா? ஊரு பூரா அவ வரணும்னு கெஞ்சிக்கிட்டு கெடக்கு. நீ இங்க உக்காந்து அவள வர விடாம பூசிக்கிட்டு இருக்க."

சட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று திரும்பியவளின் முந்தானை வாசலில் மாட்டிக்கொண்டது. "இந்தக் கொண்டி வேற, போறவ வாறவளையெல்லாம் புடிச்சு இழுத்துக்கிட்டு," என்று வைதபடி அதை விடுவித்துக்கொண்டு போனாள்.

கொம்பையா நிமிர்ந்து கொண்டியைப் பார்த்தான். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தான் என்று சொல்லலாம். அதன் நுனி பச்சையாக இருந்தது. எழுந்து கிட்டத்தில் போனான். பச்சை மேல் பச்சையாக, ஏடு ஏடாக, விரல் கனத்துக்குப் பெயிண்ட் அதில் அப்பிக்கிடந்தது. சைக்கிளிலிருந்து காலை காலையாகக் கழன்றுபோன பச்சை எல்லாம், அவன் ஞாயிறு ஞாயிறாக வைத்து ஈடுகட்டிய பச்சை எல்லாம், எங்கேயும் போகாமல், சம்மணம் போட்டு உட்காருகிறவன் கண்ணுக்கு நேரே இருந்தது. குறை பார்க்கிறவன் கண்ணில் படாமல் ஓடிய குறை அது ஒன்றுதான்.

திருப்புளியை எடுத்தான். துருவேறிய திருகாணிகள், மண்ணெண்ணெய் விட்டு, ஊறவைத்து, உள்ளங்கை கன்றிப்போகத் திருக வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் கொண்டி கழன்று வந்தது. அதைக் கொண்டுபோய் பழைய இரும்புக்காரன் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு, குப்பியையும் கூடவே போட்டுவிட்டு வந்தான். கொண்டி இல்லாத கதவு சாத்தினால் நிற்காது, காற்றுக்குத் திறந்துகொள்ளும். திறந்தே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

மெட்டில்டா தெருவுக்குச் சொன்னாளோ, தெருவே தெரிந்துகொண்டதோ, மறுநாளிலிருந்து யாரும் தொடவில்லை. அது அவர்களுக்கு லேசான காரியமில்லை. ஆட்டோக்காரர்கள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். ஃபாதர்கூட ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தபடி அந்த வழியாகப் போனார். கொம்பையாவின் பாடுதான் எல்லோருக்கும் மேல். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவன் விரல் துடிக்கும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வான்.

பளபளப்பு மெல்ல இறங்கியது. துண்டில் ரேகையின் வளையங்கள் மறைந்தன, அடுத்த கட்டில் சாய்ந்த கோடு மட்டும் வந்தது, அதற்கடுத்த கட்டு வெள்ளைவெளேரென்று வந்தது. கொம்பையா ஒவ்வொரு துண்டாக விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. ஷெல்பில் இருந்த டம்ளரிலும் குடைப்பிடியிலும் பச்சை காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. இருந்த ஒரு துப்பையும் தொலைத்துவிட்டானே என்று தெருவில் சிலர் பேசினார்கள், அவன் காதுபடவே பேசினார்கள். ஐப்பசி மழை வந்தது. "காஞ்சிட்டா?" என்று கேட்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள், பதிலாக வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனார்கள். அவளை நினைக்க இனிமேல் ஒரு பொருளும் வராது என்று ஆனபிறகு, கொம்பையாவுக்கு அவள் முகம் ஞாபகம் வரத் தொடங்கியது. அதுவரைக்கும் அவன் விரலையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் சுருங்குமே, அந்த முகம். அது வேண்டும் என்று இருந்தது. வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது.

சைக்கிளில், பச்சை வைத்த இடத்திலும் தூசி படிந்திருந்தது. அவன் துடைக்கவில்லை.

கார்த்திகையில் மழை வெறித்த ஒரு முற்பகலில், டவுன் பஸ்ஸிலிருந்து துணிப்பையோடு பட்டுக்கனி இறங்கினாள். தெருமுனையிலிருந்து அவள் வீடு வரைக்கும் பேச்சு ஒவ்வொரு வாசலாக நின்றுகொண்டே வந்தது. மெட்டில்டா இட்லிச்சட்டியைத் திறக்க மறந்து நின்றாள். திறந்து கிடந்த வாசல் வழியாகப் பட்டுக்கனி உள்ளே வந்தபோது, கொம்பையா மத்தியான ஷிப்டுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். மேல் பொத்தானைக் கீழ்த்துளையில் போட்டிருந்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்தாள்.

"காஞ்சிட்டா?"

"தெரியல," என்றான். "நான் தொடல. நீ தொட்டுப் பாரு."

இப்போது அவனைப் பார்த்தாள். நன்றாக, நின்று, நேரமெடுத்துப் பார்த்தாள். பிறகு சட்டத்தில் விரலை வைத்து இழுத்தாள். விரலில் தூசிதான் வந்தது. அதைச் சேலை ஓரத்தில் துடைத்தபோது, விரல் நுனி வெளுத்து, தழும்போடு சுத்தமாக இருந்தது.

அவள் பார்வை ஷெல்புக்குப் போனது. கயிற்று முடிச்சு, குடை, வற்றிச் சுருங்கின கொய்யாக்காய், மர யானை, துண்டுகள்.

"இதெல்லாம் என்னது?"

"நீ தொட்டது."

"இது எங்க அண்ணன் வீட்டு டம்ளர்லா."

"ஆமா. கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

அவள் யானையை எடுத்துப் பார்த்தாள். திருப்பி வைத்தாள், அவன் வைத்திருந்த மாதிரி இல்லாமல் கொஞ்சம் கோணலாக. அவன் அதைச் சரிபண்ணவில்லை. ஒரு கண் சுருங்குகிறதா என்று பார்த்தான், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துணிப்பையை ஹேண்டில்பாரில் மாட்டினாள். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு சைக்கிளை வாசலுக்கு உருட்டினாள். எடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவன் நெஞ்சு சொன்னது. வெளியே தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வாசலில் அவள் உடம்பு தானாக இடுப்பை ஒடித்தது, சைக்கிளைத் தன் பக்கம் சரித்தது, மூச்சை உள்ளே இழுத்தது. அப்படியே நின்றாள். நிலையில் கொண்டி இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள் இருந்தன. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி, மறுகை விரலை ஓட்டையில் வைத்துப் பார்த்தாள்.

"கொண்டி எங்க?"

"கழட்டிட்டேன்."

"கதவ எப்படிச் சாத்துதிய?"

"சாத்தல."

அவள் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சைக்கிளை நிமிர்த்தினாள், தானும் நிமிர்ந்தாள், அந்த வாசலை நேராகக் கடந்து படியிறங்கினாள். மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில், படியை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மாட்டியிருந்த துணிப்பையைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே வாசற்படியில் வைத்தாள். பெடலில் கால் வைத்து, கறிவேப்பிலை வாங்கக் கிளம்புகிறவள் மாதிரி சொன்னாள்:

"போயிட்டு வாரேன்."